தியாம்திங் திறக்காத காய்

இல்ல தம்பி, காசெல்லாம் இல்ல. மேஜை மேல தேடுங்க, மேஜைக்கு அடியில தேடுங்க, மீன் முள்ளுதான் கிடைக்கும். காசு வச்சு ஆடுற கூட்டம் கோவிலுக்குப் பின்னாடி இருக்கு. உங்க ஸ்கூட்டர் தெருமுனையில திரும்புறப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும், நீங்க வந்து பாத்தா எல்லாரும் ஊதுபத்தியும் கையுமா பக்தியா நிப்பாங்க. நீங்க பிடிச்சுட்டு வந்தது ஓடத் தெரியாத ரெண்டு கிழவங்க. ஒருத்தருக்கு முழங்கால் வலி. இன்னொருத்தருக்கு ஓடணும்னே தோணியிருக்காது.

நானா? நான் லுவான். ஊர்மண்ணக் காக்கிற தோத்திகோங் சாமி கோவில் வாசல்ல, ஆலமரத்துக்குக் கீழ பால்மீன் கஞ்சி விக்கிறேன்ல, அது நான்தான். நீங்க சாப்பிட்டதில்ல, தெரியும். வந்து ஒரு மாசம் ஆகுது, தினம் அந்த இருபத்துநாலு மணி நேரக் கடையில மைக்ரோவேவ்ல சுட வச்சதத் தின்னுட்டுப் போறீங்க. தைப்பேக்காரங்க எல்லாருமே முதல்ல அப்படித்தான். எங்க தைனான் சாப்பாடு இனிக்குது இனிக்குதும்பாங்க, அப்புறம் மாத்தல் வந்தா போக மாட்டேம்பாங்க.

யாரும் என்னைக் கூப்பிடலதான். மேஜை என்னுது, காயும் என் கடையில கிடக்கிற காய், அதனால நானே வந்தேன். சாட்சி சொல்ல வந்தவள நிக்க வச்சே பேசறது இந்த ஸ்டேஷன் வழக்கமா? ம். சரி, உக்காந்தாச்சு.

இந்தாங்க, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க. லஞ்சமா? அந்த மூலையில கேமரா இருக்குல்ல, அதப் பாத்தே சொல்றேன். இது கஞ்சி. முள்ளு எடுத்த மீனு, வயித்துப் பக்கம். போதுமா? வேண்டாம்னா மூடியாவது திறந்து வைங்க, வாசனைக்குக் கேஸ் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கவுத்த காய் ஆட்டம் ஆடத் தெரியும்ல உங்களுக்கு? போன்ல ஆடுவீங்களா. எங்க, சொல்லுங்க பாப்போம், தேரை யார் தின்னலாம்? யானை. ஆமா. யானைய மந்திரி, மந்திரிய ராஜா. ராஜாவ? ம், சிப்பாய்தான். எல்லாத்துக்கும் கீழ கிடக்கிற பொடிப் பய, அவன மட்டும் ராஜா தொட முடியாது, ஆனா அவன் ராஜாவ முழுங்கிடலாம். இந்த ஆட்டத்துல எனக்குப் பிடிச்ச இடமே அதுதான். எல்லாக் காயையும் கவுத்துப் போட்டு, கலக்கிட்டு, ஒண்ணு ஒண்ணா திறக்கறது. எது எங்க இருக்குன்னு தெரியாது. நாம சிவப்பா கறுப்பான்னே முதக் காய் திறக்கிற வரைக்கும் தெரியாது. உங்க முறை வந்தா ஒண்ணத் திறக்கலாம், இல்ல திறந்து கிடக்கிற உங்க காய ஒரு கட்டம் நகத்தலாம்.

ஆனா போன்ல ஆடுறவங்களுக்கு ஒண்ணு புரியாது தம்பி. போன்ல காய்க்கு முதுகு கிடையாது. எங்க மரக்காய்க்கு இருக்கு. தினம் கடை சாத்துறப்ப பாத்திரத்தோட சேத்து அதையும் நான்தான் கழுவுறேன், கஞ்சிக் கையோட ஆடினா பிசுபிசுன்னு ஆயிடுமே. அதனால எனக்குத் தெரியும். சிவப்பு பீரங்கி ஒண்ணுல ஓரம் கொஞ்சம் போயிருக்கும், என் பேரன் பல்லு முளைக்கிறப்ப கடிச்சது. கறுப்பு சிப்பாய் ஒண்ணுல முதுகுல சோயா சாஸ் கறை. எங்க ஊரு சாஸு கெட்டியா, பாகு மாதிரி இருக்கும், மரத்துல ஊறினா போகாது. நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். சும்மா பாத்தா தெரியாது, வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாத்தா லேசா தெரியும். கொட்டினது யாருன்னா, உள்ள உக்காந்து உங்க சக போலீசுக்கு இப்பக் கதை சொல்லிக்கிட்டு இருக்காரே, அந்தப் பான்ஹோக்.

கேக்குதுல்ல சத்தம்? அதான் அவர் மெதுவா பேசறது. மீன் ஏலத்துல கூவினவரு. துறைமுகத்துல நின்னு கத்திக் கத்தி தொண்டை அப்படியே நின்னுபோச்சு. ரகசியம் சொன்னாருன்னா எதிர்த் தெரு ஜன்னல் திறக்கும். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். என்னைப் பாத்தா கஞ்சி ராணி வர்றாங்கம்பாரு, தெருவே சிரிக்கும், நானும் சிரிப்பேன். அவர் பொண்டாட்டி போயி ரொம்ப நாளாச்சு. நல்ல மனுஷன்தான், நாம கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல ரேடியோ வச்சிருந்தோம், அதுலயாவது சத்தத்தக் குறைக்க ஒரு திருகு இருந்துச்சு.

இன்னொருத்தரா? தியாம்திங். பஸ் ஓட்டினவரு, கடற்கரைக்குப் போற பஸ். அவரும் ஒண்டிக்கட்டைதான். அவர் ஒண்ணும் பேசியிருக்க மாட்டாரே உங்ககிட்ட. பேர் சொன்னாரு, கழிப்பறை எங்கன்னு கேட்டாரு, அப்படித்தானே? அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அவரப் பத்தி என்னத்தச் சொல்றது. காலையில வருவாரு, ஓர நாற்காலி, ஒரு கஞ்சி, முள்ளையெல்லாம் கிண்ணத்து விளிம்புல வரிசையா வைப்பாரு, எழுந்திருக்கிறப்ப நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் வெங்காயத்தாள் கூடுதலா போடுறேன், அது வேற விஷயம். போன புயலப்ப என் கடைத் தகரம் பிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. மறுநாள் நான் போய்ப் பாக்குறேன், தகரம் இருந்த இடத்துல இருக்கு, புது ஆணி அடிச்சிருக்கு. யாருன்னு ஊர்பூரா கேட்டேன். பான்ஹோக் நான்தான்னு சொல்லல, நான் இல்லன்னும் சொல்லல, சும்மா தோளக் குலுக்கினாரு. தியாம்திங் கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்தாரு. நான் கேக்கவும் இல்ல.

ரூல்னா ரூல் அவருக்கு. பஸ் நிறுத்தத்த விட்டுக் கிளம்பிட்டா கிளம்பினதுதான். ஒரு தடவ சொந்தத் தங்கச்சி ஓடி வந்து கதவத் தட்டுறா, கண்ணாடி வழியா தலையக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போயிட்டாரு மனுஷன். அடுத்த நிறுத்தத்துல ஏறின ஒரு அம்மாதான் இதச் சொன்னாங்க, அவர் கண்ணு கலங்கியிருந்துச்சாம். கலங்கினாரே தவிர திறக்கல பாருங்க. ஆட்டத்துலயும் அதே கதைதான். போன வருஷம் வேடிக்கை பாத்த ஒருத்தன் வாய் தவறி, அதத் திறக்காதீங்க ஐயா, அது பீரங்கின்னு உளறிட்டான். தியாம்திங் என்ன பண்ணாருங்கறீங்க? எதிராளிக்குக் கும்பிடு போட்டுட்டு, வெளியாள் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன், நான் தோத்தேன்னு எழுந்துட்டாரு. ஜெயிக்கிற ஆட்டம் தம்பி அது. உளறினவன் இன்னைக்கு வரைக்கும் கோவில் பக்கம் தலை காட்டல.

காசு இல்லன்னா பந்தயம் என்னன்னு மறுபடியும் கேக்குறீங்க. சொல்றேன். ஆனா அந்தப் பேனாவக் கீழ வைங்க. இல்ல, மூடி வைங்க. ம்.

இன்னைக்குக் காலையில நான் அடுப்புகிட்ட மீனக் கிண்டிக்கிட்டு இருக்கேன். பான்ஹோக் காயக் கலக்கிக்கிட்டே அவர்கிட்ட ரகசியம் பேசறாரு. அவர் ரகசியம் எப்படின்னுதான் சொன்னேனே. இத பாரு தியாம்திங், ரெண்டு பேரும் ஒரே அடுப்பச் சுத்திக்கிட்டு எத்தன நாளைக்கு? இன்னைக்கு ஒரு ஆட்டம். டிரா கிடையாது. ஜெயிச்சவன் போய் லுவான்கிட்ட கேக்கணும். தோத்தவன் நாளையிலேர்ந்து இந்தக் கடைக்கு வரக் கூடாது, சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடையில சாப்பிட்டுக்கணும்.

என்னத்தக் கேக்கணுமா? தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகல. அப்ப யோசிச்சுப் பாருங்க, வரும்.

ஆமா. அதேதான். சிரிக்காதீங்க, எனக்கு வயசு அறுபத்தாறு, அதுல என்ன சிரிப்பு. கோவம் வந்துச்சு எனக்கு. கரண்டிய அப்படியே ரெண்டு பேர் தலையிலயும் ஒவ்வொண்ணு போடலாமான்னு பாத்தேன். பந்தயப் பொருளு நானு, என்கிட்ட யாரும் கேக்கல. என்னமோ கோவில் குலுக்கல்ல குடுக்கிற அரிசி மூட்டை மாதிரி. அதவிடக் கோவம் எதுக்குன்னா, அந்தச் சந்தைக் கடை. முந்தின நாள் மீன இஞ்சியப் போட்டு மறைக்கிறவன். அங்க போய்ச் சாப்பிடறதாம்.

தியாம்திங் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லுவாருன்னுதான் நானும் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். கலக்கின காய ஒவ்வொண்ணா நேரா அடுக்கினாரு. அப்புறம் சரின்னு தலையாட்டினாரு. என் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு ஆட்டினாரு தம்பி. அதுல கோவம் பாதி போயிடுச்சு, பயம் வந்துடுச்சு.

பயம்னா, யோசிச்சுப் பாருங்க. பான்ஹோக் தோத்தா ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உக்காந்து கஞ்சி ராணின்னு கத்துவாரு, எந்தப் பந்தயம், நான் விளையாட்டுக்குச் சொன்னேன்பாரு. தியாம்திங் தோத்தா வர மாட்டாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது. கோவிலுக்குக் கூடச் சுத்துவழியா போவாரு, என் கடையத் தாண்டக் கூடாதுன்னு. செத்தாலும் சந்தைக் கடைக் கஞ்சியக் குடிச்சுட்டுத்தான் சாவாரு. அவரு அப்படித்தான்.

ஆட்டமா? நல்லாத்தான் போச்சு. தியாம்திங்குக்குச் சிவப்பு வந்துச்சு. ஒவ்வொண்ணா அடிபட்டு, கடைசியில பலகையில சிவப்பு ராஜா, கறுப்புத் தேரு, அப்புறம் திறக்காத காய் ரெண்டு. செத்த காயெல்லாம் பக்கத்துல கிடக்குதே, அதப் பாத்தாலே பாக்கி எதுன்னு தெரிஞ்சுடும். ஒண்ணு சிவப்பு குதிரை, தேருக்கும் கீழ, ஒண்ணு கறுப்பு சிப்பாய். எது எதுன்னுதான் தெரியாது. அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ராஜாவ ஒட்டிக் கிடந்துச்சே, அதுதான் சிப்பாய். கறை.

நீங்கதான் ஆடுறவராச்சே, சொல்லுங்க. தியாம்திங் முறை. அவர் அதத் திறந்தாருன்னா? ஆமா, திறந்ததோட அவர் முறை போச்சு, அடுத்த நிமிஷம் சிப்பாய் ராஜாவ முழுங்கிடும், அதோட ஆட்டமும் போச்சு. பான்ஹோக் தன் முறையில அதத் திறந்தா ராஜா தப்பிச்சு ஓடிடலாம். அதனால பான்ஹோக் திறக்கல. தன் முறைக்குத் தேர ஒரு கட்டம் தள்ளி வச்சுட்டு, பாட்டு முணுமுணுத்துக்கிட்டு, திறப்பா, எவ்வளவு நேரம் காக்க வைப்பேன்னு நச்சரிச்சுக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் முன்னாடி தலையச் சாய்ச்சு அந்தக் காய ஒரு பார்வை பாத்தாரு. கொட்டினவருக்குக் கறை தெரியாதா? தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லுவாரு, நீங்க கேட்டுப் பாருங்க. தியாம்திங் காயோட முதுகப் பாக்கவே மாட்டாரு. அது தப்பாம்.

இதுல இன்னொரு கூத்து. ரெண்டு காய் கிடந்தா தியாம்திங் எப்பவும் கிட்ட இருக்கிறதத்தான் முதல்ல திறப்பாரு. பஸ் ஓட்டின பழக்கமோ என்னமோ, கிட்ட நிக்கிறவங்கள முதல்ல ஏத்திக்கணும். அதோட யாரையும் காக்க வைக்கவும் அவரால முடியாது. கை நீட்டிட்டாரு. கிட்ட இருக்கிற காய் மேல, இதோ, இந்த உயரத்துல கை.

நான் வாயத் திறந்திருக்கலாமேங்கறீங்க. என்னன்னு திறக்கறது? அதத் தொடாதீங்கன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு எழுந்துடுவாரு, தோத்தேன்னு. அதான் சொன்னேனே. சரி, ஆட்டத்த விட்டுட்டு வேற சொல்லலாம், இந்தப் பந்தயமே வேண்டாம், எனக்கு இவரத்தான் பிடிச்சிருக்குன்னு கரண்டிய நீட்டிக் காட்டலாம். கோவில் வாசல்ல, தேங்காப் பூ பன் விக்கிறவளும் லாட்டரிச் சீட்டு விக்கிறவனும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கிறப்பவா? அவர் மானம் என்ன ஆகுறது. ஆட்டத்துல தோத்துக்கிட்டு இருந்தவரு, பொம்பள பாவப்பட்டு எடுத்துக்கிட்டான்னு பான்ஹோக் துறைமுகம் வரைக்கும் கூவுவாரு.

அதனால சூப்பு குடுத்தேன்.

சூப்புதான். மீன் தலை போட்ட சூப்பு. நீட்டின கைக்கு நேரா கிண்ணத்த வச்சேன். இன்னைக்குப் புதுசா வச்சிருக்கேன், உப்புப் பாத்துச் சொல்லுங்கன்னேன். எதிர்ல சாப்பாடு இருக்கிறப்ப அவர் காயத் தொட மாட்டாரு, அழுக்காயிடும்ல. குடிச்சாரு. நல்லாருக்குன்னாரு. மறுபடி கை நீட்டினாரு, இன்னொரு கிண்ணம் வச்சேன், இதுல மிளகு கூட, ரெண்டுல எது தேவலைன்னேன். பான்ஹோக் எனக்கு இல்லையான்னு கத்துறாரு. உங்களுக்குத் தொண்டைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் இன்னொண்ணு. பாவம், அந்த மனுஷன் மூக்கெல்லாம் வேர்த்து, வயிறு முட்டி, ஒரு வார்த்தை மறுக்காம குடிச்சுக்கிட்டே இருந்தாரு. கடைசிக் கிண்ணத்துல என்னைப் பாத்த பார்வை இருக்கே, விஷம் வச்சுக் குடுத்தாலும் உப்புச் சரியா இருக்குன்னு சொல்லியிருப்பாரு. வந்ததும் கழிப்பறை எங்கன்னு ஏன் கேட்டாருன்னு இப்பப் புரியுதா?

எதுக்கு இவ்வளவு நேரம் இழுத்தேன்னு கேக்குறீங்களா? என்ன பண்றது, உங்க ஸ்டேஷன்ல போன எடுத்தவரு ரொம்ப மெதுவா எழுதறாரு. எந்தக் கோவில், எந்தப் பக்கத்து ஆலமரம், வேற என்ன அடையாளம்னு. என் பேர ரெண்டு தடவ கேட்டாரு, நான் சொல்லல. கிழவங்க சதுரங்கம் ஆடுறாங்கன்னு சொன்னா வருவீங்களா? வர மாட்டீங்க. அதான் பெரிய சூதாட்டம், கத்தை கத்தையா நோட்டு, வெளியூர் ஆளுங்கன்னு சொன்னேன். அப்பவும் நீங்க வந்து சேர்றதுக்குள்ள பானை காலி. வந்ததும் நல்ல காரியம் ஒண்ணு பண்ணீங்க, காயெல்லாத்தையும் ஒரே பையில அள்ளிப் போட்டீங்க பாருங்க. இனிமே எது எங்க கிடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மனசார நன்றி.

பொய்த் தகவல் குடுத்தா குத்தமா? தெரியாதே. சரி, குத்தம்னா போடுங்க, என்ன அபராதமோ கட்டுறேன், பேனாவ எடுத்துக்கங்க இப்ப. பேரு லுவான். ஆனா அந்தக் காய்ப் பைய இன்னைக்குத் திருப்பிக் குடுத்துடாதீங்க. அப்புறம் தியாம்திங்க முதல்ல விட்டுடுங்க. பான்ஹோக்க ஒண்ணும் பண்ண வேண்டாம், ஒரு டீ குடுத்து, அந்தக் காலத்துல சூரை மீன் ஏலம் எப்படி நடக்கும்னு மட்டும் கேளுங்க. சாயங்காலம் வரைக்கும் அவரே கிளம்ப மாட்டாரு. அவருக்கும் கேக்க ஆள் கிடைச்ச மாதிரி ஆச்சு, பாவம்.

இல்லல்ல, தியாம்திங்கிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. போன் பண்ணது நான்தான்னு தெரிஞ்சா மறுபடியும் தோத்தேன்னு கும்பிடு போட்டுடுவாரு. அதெல்லாம் பின்னாடி நானே சொல்லிக்கிறேன், ஒரு அஞ்சாறு வருஷம் கழிச்சு.

அவர் எங்க கேக்கப் போறாருங்கறீங்களா? அவர் கேக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா. ஜெயிச்சவங்கதான் கேக்கணும்னு அவங்களுக்குள்ள பேச்சு. ரெண்டு பேரும் ஜெயிக்கல. அப்ப கேக்கிற முறை என்னுதுதானே?

அதோ, வர்றாரு பாருங்க. கையெழுத்துப் போட்டாச்சா அவர்? போட்டாச்சுன்னா அனுப்புங்க. வீடு ரொம்ப தூரம், வெயில்ல எப்படிப் போவாருன்னு கவலைப்படாதீங்க தம்பி, என் ஸ்கூட்டர் வாசல்லதான் நிக்குது. ஹெல்மெட்டு ரெண்டு கொண்டுவந்திருக்கேன்.